ஓர் இலை, ஒரு கணு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு செம்மண் சுவர் இருந்தது. யாரும் கட்டிய சுவரல்ல. வீட்டுக்குத் தளம் எடுக்க மலையை வெட்டினார்கள். வெட்டியது போக நின்ற மலைதான் அது. சமையலறை ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் விரலில் ஈரம் படும். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். நீலகிரியில் பிக்கட்டிக்கு மேலே எங்கள் சரிவில் எல்லா வீடும் இப்படித்தான். முன்வாசல் கீழ்வீட்டுக்காரரின் கூரையைப் பார்க்கும், பின்வாசல் மலையைப் பார்க்கும்.

மழைக்காலத்தில் விடிந்ததும் அப்பா முதலில் போய் நிற்பது அந்தச் சுவரிடம்தான். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

"என்னாங்க, என்னா சொல்லுது?" அம்மா அடுப்பங்கரையிலிருந்து கேட்பாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான்னா? நல்லா இருக்குன்னு சொல்லுங்களேன்."

அந்த 'தான்' எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சுவர் நின்றால் வீடு நிற்கும். சுவர் வந்தால் முதலில் சமையலறை, அப்புறம் மற்றது. வருடத்துக்கு ஒரு கூடை இரண்டு கூடை மண் உதிர்ந்துகொண்டேதான் இருந்தது. கல் வைத்துத் தடுப்புச்சுவர் கட்டுவது எங்களுக்கு எட்டாத வேலை. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவன் கைக்கும் அது எட்டவில்லை.

அப்பா ஏழெட்டு வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். அங்கே லயம் என்கிற வரிசைவீடு, இங்கேயும் லயம். எஸ்டேட் நர்சரியில் தேயிலைக் கிளையை நறுக்கிக் கட்டிங் போடுவதுதான் கடைசிவரை அவர் வேலை. அம்மா கொழுந்து எடுத்தாள். வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும், அதுதான் முறை. முடிந்தது, கொடுத்தார்கள், கையிலிருந்ததையெல்லாம் போட்டு இந்தச் சரிவில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கட்டினார்கள். அப்பா இன்றைக்கும் அறையைக் காம்பரா என்றுதான் சொல்வார். "நம்ம காம்பரா" என்று அவர் சொன்னது அந்த வீட்டில்தான் முதல் தடவை என்று அம்மா சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

தோட்டம் என்கிற சொல்லே எங்கள் வீட்டில் வேறு. தோட்டம் என்றால் எஸ்டேட். காலேஜில் ஒருத்தி, "உங்க வீட்டுல தோட்டம் இருக்கா?" என்று கேட்டாள். "ம், அம்மா அங்கதான் வேலைக்குப் போறாங்க" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதனால் வீட்டைச் சுற்றியிருந்த மண்ணுக்கு எங்களிடம் பெயரே இல்லை. அம்மா 'நம்ம எடம்' என்பாள். அந்த எடத்தில் கீரை, இரண்டு வரிசை பீன்ஸ், ஒரு மேரக்காய்க் கொடி. மிச்ச மண்ணில் என் கைவரிசை.

நான் தாவரவியல் படித்தவள். படித்ததை எதிலாவது உடனே போட்டுப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு வருடம் காளான். அடுத்த வருடம் ஸ்ட்ராபெர்ரி. அப்புறம் தேனீப் பெட்டி. ஒரு மத்தியானம் ஈக்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன. "தேனீயே உன்னைய நம்பாம ஓடிருச்சு, எந்த மாப்பிள வந்து நம்பப்போறான்" என்று அம்மா அதை ஊர் பூராவும் சொல்லி வைத்தாள்.

அப்படியிருக்கையில்தான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். ஏதோ வெளிநாட்டு ஆற்றங்கரை. கரை இடிந்து கிடக்கிறது. நாலு பேர் வருகிறார்கள், இலையில்லாத குச்சிகளைச் சேற்றில் வரிசையாக அடித்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். அடுத்த காட்சியில் மூன்று வருடம் போய்விட்டது, கரை முழுக்க மரம். வில்லோ. ஊட்டியில் ஏரிக்கரையில் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்குமே, அதேதான். வெறும் குச்சி வேர்விட்டு, அந்த வேர்கள் பின்னிக்கொண்டு மண்ணைக் கவ்விப் பிடிக்கின்றன.

அன்றைக்கே அப்பாவிடம் காட்டினேன்.

"குச்சியா?" என்றார்.

"உசுருள்ள குச்சிப்பா."

மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே விரலால் தேய்த்துப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மாறியதை நான் பார்த்தேன். என் காளானுக்கும் தேனீக்கும் வராத மாற்றம் அது.

பைக்காரா போகிற ரோட்டில் ஓடை ஓரமாக ஒரு பழைய வில்லோ உண்டு. மே மாதக் கடைசியில் கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று அதன் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தவள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடினேன். விரல் கனத்தில், கட்டைவிரல் கனத்தில் நீள நீளமாகப் பொறுக்கி, ஷாலில் கட்டி, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தேன். கடைசி பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார், "ஆட்டுக்குத் தழையாம்மா?"

"இல்லண்ணா, வீட்டுக்கு."

"ஊட்டுல யாரும்மா தழை திங்கறாங்க?"

பஸ் பூரா சிரித்தது. நானும்தான்.

அம்மாவுக்கு என் வில்லோ, வில்வம் என்று காதில் விழுந்தது. "வில்வமா? சிவனுக்குப் போடற எலயா இது? அது மூணு மூணா இருக்குமே" என்றாள். எவ்வளவு சொல்லியும் மாறவில்லை. கடைசிவரை அவளுக்கு அது வில்வம்தான். கட்டுக்கு விபூதி வைத்து, வாளியில் தண்ணீர் ஊற்றி, சமையலறை மூலையில் நிறுத்தினாள்.

நடுவதற்குள் எனக்குக் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்கு அழைப்பு வந்துவிட்டது. மூன்று வாரம். தண்ணீரில் இருந்தால் வேர் விடும், வந்து நட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அப்பாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. என்னிடம் இருக்கிற பரபரப்பு அவரிடமிருந்து வந்ததுதான். அவர் அதைக் கொஞ்சம் மெதுவாகச் செய்வார்.

திரும்பி வந்தபோது கீரைப் பாத்தி இருந்த இடத்தில் ஒரு நர்சரி இருந்தது. மூங்கில் வளைத்து, மேலே பாலிதீன் போர்த்தி, அதற்கும் மேலே நிழலுக்குத் தேயிலை மிலார், கவாத்தில் வெட்டிய காய்ந்த குச்சி, பரப்பி, உள்ளே வரிசை வரிசையாக மண் நிரப்பிய சின்னப் பாலிதீன் பைகள், சிலீவுகள். ஒவ்வொரு சிலீவிலும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு இலை. என் நீளக் குச்சிகள் ஒன்றுகூட முழுசாக இல்லை.

"ஒரு எல, ஒரு கணு" என்றார் அப்பா. "மேல சாய்ச்சு ஒரு வெட்டு, கீழ சாய்ச்சு ஒரு வெட்டு. நீ கொண்டு வந்தது முப்பது குச்சி. நான் அத எத்தன ஆக்கியிருக்கேன் பாரு. மலை பூராவும் நடலாம்."

தேயிலைக்கு அதுதான் வழி. மலை மலையாகத் தேயிலை நிற்பது அந்த வெட்டினால்தான். ஆனால் வில்லோவை அப்படி விரல் விரலாக நறுக்கக் கூடாது. அது கொழுத்த குச்சியில் சேர்த்து வைத்திருக்கும் சாறில்தான் வேர்விடும். நீளமாக, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். ஈரப் போர்வைக்குள்ளே அந்த மெல்லிய இலை வெந்துபோகும். அங்கேயே சொன்னேன்.

"அப்பா, இது வேற செடி. இத அப்படியே அடிச்சு எறக்கணும்."

"எந்தச் செடியா இருந்தா என்னா, கணுவுலதானே கண்ணு இருக்கு? நான் போட்ட கட்டிங்ல நூத்துல அஞ்சு போனாலே தொர வந்து கத்துவான். போனதேயில்ல."

அம்மாவும் அவர் பக்கம். "கையில வேலைய வச்சிருக்கவரு போட்டிருக்காரு. நீ தேனீய ஓட்டுனவ."

கீழ்வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர் எட்டிப் பார்த்தார். அவர்கள் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். "ஏனுங்ணா, போத்து குத்தற மரத்துக்குத் தொட்டில் கட்டி வச்சிருக்கீங்களே" என்றார். "கிளுவம்போத்து, முருங்கப்போத்து எல்லாம் எங்கூர்ல ஒடிச்சு அப்படியே வேலில குத்திருவோமுங்க. கழுத தின்னாலும் தழையும்."

அப்பா சிரித்தார். போத்து என்கிற சொல்லே அவருக்குப் புதிது. முருங்கையும் கிளுவையும் வராத குளிரில் வளர்ந்து, குளிரிலேயே கிழவரானவர் அவர். குச்சியை ஒடித்துக் குத்தினால் மரமாகும் என்று அவருக்குச் சொல்லித்தர அவர் வாழ்க்கையில் ஒரு வேலிகூட இருந்ததில்லை.

உடனே போய் வேறு குச்சி கொண்டுவரலாம் என்று பார்த்தேன். அதற்குள் மழை இறங்கிவிட்டது. வெட்டிப் போட்ட குவியலை யாரோ விறகுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மரத்தில் மிச்சமிருந்த கிளைகளோ கைக்கெட்டாத உயரத்தில் இருந்தன. அப்பாவும் விடவில்லை. "தொண்ணூறு நாள் பொறு. கட்டிங்குக்குத் தொண்ணூறு நாள் கணக்கு." நானும் பொறுத்தேன். இலை ஒரு மாதத்துக்கு மேல் பச்சையாகத்தான் இருந்தது. நான் சொன்னது, படித்தது எல்லாம் தப்பாகப் போகட்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

மழை விட்ட ஒரு நாள் அவர் பாலிதீனை விலக்கினார். வாசமே சொல்லிவிட்டது. ஒவ்வொரு சிலீவாகக் கையில் எடுத்து, துண்டை மெல்ல இழுத்துப் பார்த்தார். எல்லாம் அடியில் கறுத்துக் கொழகொழவென்று வந்தது. பாத்தியின் கடைசிச் சிலீவு வரை பார்த்தார். பாதியில் நிறுத்திவிடுவார் என்று நின்றிருந்தேன். நிறுத்தவில்லை.

"ஒரு மழை போச்சு" என்றார்.

எங்கள் பக்கத்தில் வருடத்தை மழையில்தான் கணக்குப் போடுவோம். இந்தச் செடி எத்தனை மழை கண்டது, இந்தக் கூரை எத்தனை மழை தாங்கும் என்று. அந்த மழையில் சுவரிலிருந்து உதிர்ந்த மண்ணை அவரே கூடையில் அள்ளிக் கீழே கொட்டினார்.

ஜனவரியில் இரண்டாவது கட்டு. இந்த முறை அப்பா என்னோடு வந்தார். மரம் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றது. அதுதான் சரியான சமயம். பக்கத்து ஓடைவீட்டுக்காரரிடம் கேட்டு ஏணி வாங்கி அப்பாவே ஏறி வெட்டினார். கட்டைவிரல் கனம், மணிக்கட்டுக் கனம். ஒவ்வொன்றிலும் மேல்முனை எது என்று சாக்பீஸால் கோடு போட்டார். "தலகீழா அடிச்சா என்னா ஆகும்?" என்று கேட்டார். "அப்பவும் தழையும்ப்பா, இது அவ்வளவு பைத்தியம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நான் கண்டிசனா நேரா அடிக்கறேன்" என்றார்.

சுவர் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அடித்தோம். கடப்பாரையில் துளை போட்டு, குச்சியை இறக்கி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி. அப்பா ஏணி மேலே, நான் கீழே. அடியிலிருந்து உச்சி வரை வரிசை மாற்றி வரிசை. உறைபனிக்குச் சாக்குப் போட்டு மூடினோம். பிப்ரவரிக் கடைசியில் ஒரு காலை அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்துகொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்து விரலை மட்டும் நீட்டினாள். குச்சிகளில் மஞ்சள் பச்சையாக, அரிசி நுனி அளவில் முளை.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எதுவும் நடக்காத, நல்ல மாதங்கள். கோடை மழை வந்தது. குச்சிகள் வாரத்துக்கு ஒரு சாண் போயின. நான் வேலைக்கு ஊட்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைக் கழற்றாமல் பின்பக்கம் ஓடுவேன். ஜூன் மழையில் ஒரு பிடி மண்கூட உதிரவில்லை. ஒரே ஒரு இடத்தில் மேல்மண் பெயர்ந்தபோது உள்ளே தலைமுடி மாதிரி சிவப்பு வேர்கள் மண்ணைப் பின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்தோம். அப்பா அதைத் தொடாமல் மறுபடி மண்ணைப் போட்டு மூடினார். தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிட்ட மாதிரி.

"அடுப்படி இருட்டாயிருச்சு" என்று அம்மா குறைப்பட்டாள். "பகல்லயே லைட்டு போட வேண்டியிருக்கு. இந்த வில்வம் ஜன்னல் வழியா உள்ள வந்து குழம்பு கேக்குது." ஆனால் ஜன்னலுக்குள் வந்த கொம்பை ஒடிக்கவில்லை. கம்பியில் சுற்றி விட்டாள்.

ஐப்பசியில் அடைமழை. வழக்கமாக வருவதுதான். இந்த முறை விடாமல் பெய்தது, அவ்வளவே. எங்களுக்கு மேலே, தேயிலைக்காட்டுக்கும் மேலே, யாரோ காட்டேஜ் கட்டுவதற்குப் பொக்லைன் வைத்து மலையை வெட்டி மண்ணைச் சரிவில் தள்ளியிருந்தார்கள். அங்கிருந்த ஓடை அடைபட்டு, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது எங்களுக்கு அப்போது தெரியாது.

ஒரு காலை அப்பா சமையலறைக்கு வெளியே குந்தி உட்கார்ந்திருந்தார். சுவரின் அடியில் எப்போதும் கசிகிற தண்ணீர் அன்றைக்குக் காபி நிறத்தில் வந்தது.

"கலங்கலா வருது" என்றார். சத்தமே இல்லாமல்.

மேலே ஏறிப் பார்த்த நான், தேயிலைச் செடிகளுக்கு நடுவே காலை வைத்தால் உள்ளே போகிற அளவுக்கு ஒரு விரிசலைப் பார்த்தேன். நாங்கள் வில்லோ அடித்த இடத்துக்கு எவ்வளவோ மேலே. கீழே ஓடி வந்து சொன்னேன். அப்பா உடனே சாமான் எடுக்க உள்ளே போனார். கேஸ் சிலிண்டர், அலமாரிக் காகிதங்கள், சாமிப் படம், அம்மாவின் தையல் மெஷின். கீழ்வீட்டு அக்காவையும் இழுத்துக்கொண்டு வளைவு தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

மத்தியானம் அது வந்தது. இடி மாதிரி வரும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒரு பெருமூச்சு. பள்ளிக்கூட வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். சுவர் உடையவில்லை. சுவரோடு அதன் பின்னாலிருந்த மலை முழுதாக, மெதுவாக, நகர்ந்து வந்தது. வில்லோக்கள் விழவில்லை. எஸ்டேட் லாரியில் ஆட்கள் நின்றுகொண்டே வருவார்களே, அப்படி நிமிர்ந்து நின்றபடி மண்ணோடு இறங்கி, எங்கள் சமையலறைக்குள் வந்தன. வீட்டின் பின்பாதி மடிந்தது. மண் எங்கள் வாசலோடு நின்றுவிட்டது. அக்காவின் வீட்டுக்கு ஒன்றுமில்லை.

அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. "நிக்குது பாரு, நிக்குது பாரு" என்றார். வீட்டைச் சொல்கிறாரா மரங்களைச் சொல்கிறாரா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மண்ணைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், சேற்றில் முழங்கால் வரை இறங்கிப் பார்த்தார். அடியில் பாறை, பாறை மேல் தண்ணீர், அதன் மேல் மொத்த மண்ணும் வழுக்கியிருக்கிறது என்றார். "இதுக்கு நீங்க எதை நட்டிருந்தாலும் நிக்காதும்மா. உங்க வேர் இருந்ததே இந்த மேல்சட்டையில. வழுக்கினது உடம்பு." இனி அந்த வீட்டில் யாரும் குடியிருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் பேசும்போது அப்பா பக்கத்தில்தான் நின்றார். கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் நினைத்தேன்.

பழைய எஸ்டேட்டில் காலியாகக் கிடந்த ஒரு லயத்து அறையை, யாரையோ பிடித்து, தற்காலிகமாக என்று வாங்கினோம். எந்த லயத்திலிருந்து சாமான் ஏற்றி வெளியே வந்தார்களோ அதற்கு அடுத்த வரிசை. அம்மா மறுபடி நாள்கூலிக்குக் கொழுந்து எடுக்கப் போகிறாள். முதல் நாள் கூடையை மாட்டிக்கொண்டு போனவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். பார்த்தால் நின்றுவிடுவோம் என்று பயந்திருப்பாள்.

பனி முடிந்து வெயில் வந்ததும் அப்பா வீட்டைப் பார்க்கப் போகலாம் என்றார். நானும் போனேன். முன் அறையின் சுவர் நின்றது, காலண்டர்கூட மாட்டியபடி இருந்தது. சமையலறைக்குக் கூரை இல்லை. அடுப்பு மேடை உயரத்துக்கு மண். அந்த மண்ணில் வில்லோக்கள் தளிர் விட்டிருந்தன. சாய்ந்தவை, முறிந்தவை, பாதி புதைந்தவை எல்லாமே. பாத்திர அலமாரி இருந்த இடத்தில் ஒன்று என் தோள் உயரம்.

எனக்குக் கோபமாக வந்தது. எங்களைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு இது மட்டும் எப்படித் தழைக்கிறது என்று. அப்பா குந்தி உட்கார்ந்து ஒன்றின் அடியைக் கையாலேயே தோண்டினார். தோண்டிக்கொண்டே இருந்தார். வேர் அவர் முழங்கை நீளம் வந்தும் முடியவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"ஒரு வருசத்துக்கே இவ்வளவு" என்றார். "இன்னொரு மழை இருந்திருந்தா?"

"அப்பா."

"அந்த மழைய நான்தானே தின்னேன்."

"இல்லப்பா. அவரு சொன்னாருல்ல, வழுக்கினது பாறை மேல. இதவிடப் பத்து மடங்கு வேர் இருந்தாலும்..."

"ஒரு எல, ஒரு கணுன்னு உக்காந்து நறுக்கினேன். நீ அப்பவே சொன்ன."

அந்த மரங்கள் செத்துப் போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். 'பாத்தீங்களா, இதெல்லாம் ஒண்ணும் நிக்கற மரமே இல்ல' என்று காட்டியிருப்பேன். அவை உயிரோடு நிற்பதுதான் அவருக்குச் சாட்சி. எனக்கு அந்த வேர், மண்ணோடு சேர்ந்து எவ்வளவு பத்திரமாகப் பயணம் செய்திருக்கிறது என்று சொல்கிறது. அவருக்கு அதே வேர், எவ்வளவு பிடித்திருக்கும் என்று சொல்கிறது. லயத்துக்குத் திரும்பியதும் நான் படம் போட்டுக் காட்டினேன். தட்டில் ரவையைக் குவித்து, மேலே கொத்தமல்லித் தண்டைக் குத்தி, தட்டைச் சாய்த்துக் காட்டினேன். ரவையோடு தண்டும் வழுக்கி விழுந்தது. அவர் பார்த்துவிட்டு, "உங்கம்மா உப்புமாவுக்கு வச்சிருந்தது" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் அதை எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில். எங்க வீடு போச்சுங்க, நான்தான் காரணம், தேயில மாதிரி நெனச்சுப் போட்டுட்டேன் என்று. கேட்கிறவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அம்மா பக்கத்தில் இருந்தால் எழுந்து தள்ளிப் போய்விடுவாள். "என்னாத்துக்குங்க ஊரெல்லாம் சொல்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். "தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

போன வாரம் கீழ்வீட்டு அக்கா லயத்துக்கு வந்தார். அவர் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு சுவர் இருக்கிறது. போன ஐப்பசி மழைக்கு அதுவும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

"ஏனுங்ணா, அந்தப் போத்து ரெண்டு கட்டு வெட்டிக்கட்டுங்களா? எங்க ஊட்டுக்குப் பின்னாடியும் குத்தி வெக்கலாமுன்னு."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினார். நானும் அக்காவும் கூடப் போனோம். சமையலறை மண்ணில் ஏறி நின்று, நேரான கொம்பாகப் பார்த்து வெட்டி, கழித்து, கட்டாகக் கட்டினார். கட்டை அக்காவிடம் கொடுக்கும்போது சொன்னார்.

"தேயில மாதிரி போட்றாதம்மா. நீளமா அடிக்கணும். நான் ஒரு மழைய விட்டுட்டேன். அதான் இப்படி."

"அட, நீங்க என்னங்ணா பண்ணுவீங்க, மலையே வந்துச்சு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் கண்ணு, இதக் குத்துனா நின்னுருமல்ல?"

நிற்கும் என்றால் அப்பா சொன்னது சரி என்று ஆகும். நிற்காது என்றால் அக்கா கையில் இருக்கிற கட்டு வெறும் விறகு.

"மேல்மண்ணு ஒழுகாம நிக்கும்க்கா" என்றேன். "ஆனா அடியிலருந்து வந்தா இது நிக்காது. எங்களதுக்கும் இது எத்தன வருசம் இருந்திருந்தாலும் நின்னிருக்காது. மழை பிடிச்சா நீங்க அங்க இருக்காதீங்க. தண்ணி கலங்கலா வந்தா ஒரு நிமிசம்கூட இருக்காதீங்க."

அக்கா கட்டை இடுப்பில் மாற்றி வைத்தார். "எங்க போறது கண்ணு? தங்கச்சி ஊட்டுல ரெண்டு நாளு இருக்கலாம். மழை ரெண்டு மாசம் பெய்யுதே."

அவர் இறங்கிப் போனார்.

அப்பா அரிவாளை மண்ணில் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னையக் காப்பாத்தறதுக்காக அந்தப் புள்ளயப் பயமுறுத்தாத பாப்பா" என்றார். கோபமே இல்லாமல்.

"நெசம்ப்பா. நெசத்ததான் சொன்னேன்."

"தெரியும். நீ நல்ல புள்ள."

கீழே அக்கா வீட்டுக்குப் பின்னாலிருந்து தட்டுகிற சத்தம் வர ஆரம்பித்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "மேலாப்புல தட்டுது" என்றார். "கடப்பாரை போட்டுத் தொளை எடுக்காம தட்டுது. பாதிகூட எறங்காது." பெரிய மழைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. அவர் அரிவாளை என் கையில் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டமாக அந்தச் சரிவில் இறங்கினார்.